அம்மாவைக் கக்கூஸில் உட்கார வைத்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

"உங்கம்மாவ கக்கூஸ்ல உக்கார வச்சியாமே?" என்று நேற்று நீங்கள் கேட்டது ஸ்பீக்கர் போனில் வீடு முழுக்கக் கேட்டது. அம்மா பாதிக் கதையை முந்திச் சொல்லிவிட்டாள். மீதியை நான் எழுதாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீடு வரைக்கும் அவள் கதைதான் நிற்கும்.

டாலஸிலிருந்து டென்வருக்குக் காரில் கிளம்பினோம், கிட்டத்தட்ட 800 மைல். இராஜபாளையத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினாலும் தீராத தூரம். ஏப்ரல், மே என்றால் இந்தப் பக்கம் வானத்தைப் பார்க்காமல் வண்டி எடுக்க மாட்டார்கள். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று ஏறி வரும், மேற்கே பாலைநிலத்திலிருந்து காய்ந்த காற்று வரும், மேலே குளிர்காற்று. நமக்கு மறிக்க மலை இருக்கிறது. இங்கே வடக்கிலும் தெற்கிலும் ஒரு கரடு கிடையாது. எல்லாம் முட்டிக்கொண்டால் சில சமயம் டொர்னாடோ என்கிற சுழல்காற்று.

287ஆம் நெடுஞ்சாலையில் சில்ட்ரஸ் ஊரைத் தாண்டியதும் எல்லார் போனும் ஒன்றாக அலறின. 2023இல் அரசாங்கம் அவசர எச்சரிக்கைச் சோதனை என்று போனை அலற வைத்து, நம்ம நாய் கட்டிலுக்கடியில் புகுந்து இராஜபாளையத்து மானத்தை வாங்கியதே, அதே சத்தம். ரேடியோவைப் போட்டால் ஹால் கவுண்டி, டான்லி கவுண்டி, ஓடு ஓடு என்கிறான். நாம் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? தமிழ்நாட்டுக்கே 38 மாவட்டம்தான். டெக்சாஸுக்கு 254 கவுண்டி. உங்க மருமகள் மேப்பில் பெயரைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த கவுண்டி வந்துவிட்டது.

"பாலத்துக்கடியில ஒதுங்க வேண்டியதுதானே" என்றீர்கள். கூடவே கூடாதாம். இடுக்கில் காற்று வேகம் பிடிக்கும், தகரமும் கட்டையும் பறந்து வந்து தாக்கும். 1999 மே 3ஆம் தேதி ஓக்லஹோமாவில் பாலத்தடியில் ஒதுங்கியவர்களில் மூன்று பேர் செத்திருக்கிறார்கள்.

அதனால்தான் வழியில் வந்த ரெஸ்ட் ஏரியாவுக்குள் வண்டியை விட்டேன். டொர்னாடோ வந்தால் ஒதுங்குமிடம் என்று அம்புக்குறி போட்டிருந்தது. அம்பு பிடித்துப் போனால் கக்கூஸ். சர்க்கார் போர்டு வைத்த கக்கூஸ், நானாகக் கண்டுபிடித்ததில்லை. கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது, அதனால் அதுவே புகலிடம். லாரி டிரைவர், அவர் நாய், ஒரு கிழவர், கிழவி, கைக்குழந்தையோடு ஒரு பெண், நாங்கள் எல்லாரும் பெண்கள் பகுதிக்குள். அம்மா சுவரில் சாயவும் மாட்டேன் என்கிறாள், உட்காரவும் மாட்டேன் என்கிறாள். ஆண்டாளைக் கூப்பிடலாம் என்றால், "இந்த எடத்துல நின்னு எந்த வாயால கூப்பிட?" என்று கேட்கிறாள். இடி இடிக்க இடிக்க வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கால் கடுத்துத்தான் கடைசியில் உட்கார்ந்தாள், அதுவும் கவிழ்த்த வாளியின் மேல், காகிதத் துண்டு விரித்து. நீங்கள் நினைக்கிற மாதிரி உட்காரவில்லை.

புளியோதரையும் அவள் கொண்டுவந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாவும் காரிலேயே கிடந்தன. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சாமான் கக்கூஸுக்குள் வரக்கூடாது என்பது அம்மா கட்சி. கைக்குழந்தைக்காரி பாட்டிலில் பால் கரைத்துக் கொடுத்ததைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேரனோ பசியில் நாயின் பிஸ்கட்டைக் கேட்டு அழுதான்.

டொர்னாடோ எங்களைத் தொடவில்லை. ஆலங்கட்டி மழை கொட்டித் தீர்த்தது, நெல்லிக்காய் பருமனில். வெளியே வந்தால் கார் மேலெல்லாம் குழி, முன் கண்ணாடியில் விரிசல். அம்மா முதலில் டப்பாவைத்தான் திறந்து பார்த்தாள். பிறகு குழாயடியில் கை கால் கழுவி, லாரி டிரைவருக்கு ஒரு உருண்டை கொடுத்தாள். அவர் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். அது முதல் அமெரிக்காக்காரனைப் பற்றி அம்மா குறை சொல்வதில்லை. என்னைப் பற்றித்தான்.

இன்சூரன்ஸ்காரன் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறான். முதல் ஆயிரம் டாலர் என் தலையில். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், உங்களுக்கு ரத்தக் கொதிப்பு.

கோடைக் காற்றில் நம்ம சப்பட்டை மாங்காய் எவ்வளவு கொட்டியது என்று நீங்கள் சொல்லவேயில்லை. அலறவும் ஆளில்லாமல் வருகிற காற்று அது. இங்கே கடையில் மாம்பழம் சிவப்பாக இருக்கிறது, மூக்கில் வைத்தால் வாசனையே இல்லை. விழுந்த காய்களை வியாபாரிக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அத்தையை வரச்சொல்லி உப்பில் போடச் சொல்லுங்கள், அம்மா ஊருக்கு வர ஜூலை ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்