சும்மா இருலே, கப்பல் தானா போவும்

ஏலே பேராண்டி, சோத்துக்குக்கூட எந்திரிக்காம கம்ப்யூட்டர்ல விண்வெளிக் கப்பல் ஓட்டுதேன்னு உங்க ஆத்தா பெருமையா சொன்னா. என்னதான்னு நானும் பின்னால நின்னு எட்டிப் பாத்தேன். ஸ்பேஸ்எக்ஸ்காரன் 2020 மே மாசம் இணையத்துல சும்மா தூக்கிப் போட்டானே, டிராகன் கப்பலைக் கொண்டுபோய் சர்வதேச விண்வெளி நிலையத்துல ஒட்டவைக்கிற விளையாட்டு, அதானே? காசு கேக்கல, எதையும் இறக்க வேண்டாம், பிரவுசரைத் தொறந்தா கப்பல் உன் கையில. உள்ள போறது லேசுதான். நீ போய் முட்டின லட்சணத்தையும் பாத்தேன். நிலையத்துல ஆளு இருந்திருந்தா உன்னைத் தேடி ஊருக்கே வந்திருப்பாங்க.

வலது பக்கம் இருக்கிற பொத்தான் எல்லாம் கப்பல் மூஞ்சியைத் திருப்ப. இடது பக்கம் இருக்கிறது கப்பலையே நகத்த. நீ ரெண்டையும் கலந்துகட்டி அமுக்குதே. அமுக்கிட்டு, கப்பல் சொன்ன பேச்சு கேக்கலைன்னு அதையே வையுதே!

அங்க தரை கெடையாது, காத்தும் கெடையாது. ஒருக்கா முன்னால தட்டினேன்னா, விரலை எடுத்த பொறவும் அது போய்க்கிட்டேதான் இருக்கும். நிப்பாட்டணும்னா அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் தட்டணும். தட்டினதெல்லாம் கடன்லே, திருப்பிக் கட்டாம தீராது. நீ என்னடான்னா, மெதுவா போவுதேன்னு மேல மேல தட்டுதே.

முதல்ல மூஞ்சியை நேராக்கு. உருளுறது, தலை தூக்குறது, பக்கம் திரும்புறதுன்னு ரோல், பிட்ச், யா மூணையும் பூஜ்யத்துக்குக் கொண்டா. அப்புறம் கப்பலை மேல கீழ, இடம் வலம் நகத்து. முன்னால போறது எல்லாத்துக்கும் கடைசி. 200 மீட்டர் சொச்சத்துலருந்துதான தொடங்குது, பஸ்ஸா போயிரும்? கடைசி அஞ்சு மீட்டர்ல வேகம் வினாடிக்கு 0.2 மீட்டருக்குக் கீழ இருக்கட்டும். நடுவுல தெரியிற பச்சை எண் எல்லாம் 0.2-க்குக் கீழ வந்தாத்தான் கப்பல் ஒட்டும். பொத்தான்களுக்கு மத்தியில இன்னொரு பொத்தான் இருக்கு, பெரிய தட்டைச் சின்னத் தட்டா மாத்திக்கிட. வீராதி வீரன் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

நெசமாவே முட்டினவரு கதை ஒண்ணு கேளு. 1997 ஜூன் 25, ரஷ்யாவோட மிர் நிலையம். வசிலி சிப்லியேவ்னு கேப்டன், நிலையத்துக்குள்ள உக்காந்துக்கிட்டே புரோக்ரஸ் சரக்குக் கப்பலைத் தொலைவிலருந்து கையால ஓட்டி ஒட்டவைக்கப் பாத்தாரு. ஏழு டன் கப்பல். அவருக்கும் உன்ன மாதிரி திரைதான், கேமராப் படம். பின்னால பூமி ஓடுது, அதுக்கு முன்னால கப்பல் என்ன வேகத்துல வருதுன்னு பிடிபடல. தூரத்தையும் வேகத்தையும் சொல்லவேண்டிய கருவியை அணைச்சு வச்சிருந்தாங்க. பிடிபட்டப்ப காலம் கடந்துபோச்சு. ஸ்பெக்டர்ங்கிற பகுதியில மோதி ஓட்டை விழுந்து, உள்ள இருந்த காத்து வெளிய போக ஆரம்பிச்சிட்டு. குறுக்க கெடந்த கேபிளைப் பிடுங்கியும் அறுத்தும், அந்தப் பகுதியை அடைச்சு நிலையத்துல இருந்த மூணு பேரும் தப்பினாங்க. அவரு பழுத்த அனுபவசாலிலே, பாவம், அவரு கண்ணு முன்னால எண் ஓடல. உனக்கு எண்ணெல்லாம் பளிச்சுன்னு ஓடுது. நீ அதை விட்டுட்டு நிலையத்தோட அழகைப் பாத்துக்கிட்டு இருக்கே.

நல்லா பழகினா நாசாவுல கூப்பிடுவாங்களான்னு ஆத்தாகிட்ட கேட்டியாமே? 2020 மே 31 அன்னைக்கு டக் ஹர்லியும் பாப் பென்கெனும் இதே டிராகன்லதான் நிலையத்துக்குப் போனாங்க. ஹர்லி கிட்டப் போய்க் கொஞ்ச நேரம் தொடுதிரையில கையால ஓட்டிப் பாத்தாரு. பொறவு கையை எடுத்துட்டாரு. கப்பல் தானா போய் ஒட்டிக்கிட்டு. நீ சோறு தண்ணி இல்லாம பழகுத வேலையை அது தானே செஞ்சுக்கிடும்!

இருந்தாலும் பழகு, வேண்டாங்கல. சரி, இப்ப திரையில வேகம் எவ்வளவு காட்டுது? பாக்காம சொல்லத் தெரியலைன்னா, அந்த முன்னால போற பொத்தான்ல கைய வைக்காத.