சுமைகூலி முக்கால் பணம்

வாலே மக்கா, வா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. என்ன, மூஞ்சி இப்படிச் சுண்டிப் போய்க் கெடக்கு? பையா? முதுகுல மாட்டுத பையா? ஒரு பை வாங்கதுக்கு மூணு மாசமா யோசிக்கியா? உங்க அப்பனுக்குப் பொண்ணு பாத்தப்பவே நாங்க மூணு நாள்தாம்லே யோசிச்சோம்.

கேமரா வைக்கணும், லேப்டாப்பு வைக்கணும், ஊர் ஊராச் சுத்தணும். நல்ல ஆசைதான். செல்லைக் காட்டு பாப்போம். அடேங்கப்பா! பையை மடியில வச்சுக்கிட்டு ஒருத்தன் இருபது நிமிசமாப் பேசுதான். இந்தப் பக்கமும் திறக்குதாம், அந்தப் பக்கமும் திறக்குதாம். கேமராவுக்கு ஒரு அறை, லென்சுக்கு ஒரு அறை, சார்ஜருக்கு ஒரு அறை. கறுப்புக் கண்ணாடிக்கு மெத்தை போட்டுத் தனி அறை. நான் தாராவிக்கு வந்தப்ப பத்துக்குப் பத்து ரூம்ல எட்டுப் பேர் படுத்தோம். எங்களுக்கு அறைன்னா அது ஒண்ணுதான். உன் சார்ஜர் குடுத்து வச்சதுலே.

1968ல விடி ஸ்டேசன்ல இறங்குதேன். வயசு பதினாலு. கையில ஒரு மஞ்சப்பை, எங்க ஊர் ஜவுளிக்கடைப் பேர் போட்டது. உள்ள ரெண்டு சட்டை, ஒரு சாரம், எங்க ஆத்தா சுட்ட முறுக்கு. மஞ்சப்பையைப் பாத்தாலே பட்டிக்காட்டான்னு சிரிச்ச காலம் அது. அந்தப் பையையே 2021 டிசம்பர்ல தமிழ்நாட்டு அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு மேளம் கொட்டி அழைச்சிட்டு வந்துது. கொஞ்சம் பொறுத்திருந்தா பைக்கும் ஒரு காலம் வரும் போல.

நம்ம திருநெல்வேலி ஆளுக தாராவிக்கு வந்ததே தோலை நம்பித்தான். நூறு வருசத்துக்கு முன்னாடியே வந்து தோல் பதம் போட்டவங்க. பாந்த்ராவுல இருந்த கசாப்புக்கூடம் 1971ல தேவ்னாருக்குப் போச்சு. தோல் ஷாப்புகளும் ஒண்ணொண்ணா இடத்தைக் காலி பண்ணிச்சு. இப்ப தோல் சென்னையில இருந்தும் கான்பூர்ல இருந்தும் வருது, நாம வெட்டித் தைக்கோம். 2015ல மாட்டுக்கறிச் சட்டம் வந்த பொறவு அதுவும் சுருங்கிப்போச்சு. நான் தோல்ல தொடங்கி, ரெக்சின்ல தவண்டு, நைலான்ல கரையேறினவன். எதுக்குச் சொல்லுதேன்னா, பையைப் பத்தி நீ செல்லுல பாத்ததை நான் ஊசியால பாத்திருக்கேன்.

இப்ப கேளு. முதல்ல வீட்டுக்குப் போய்ப் பாயை விரி. போன தடவை வெளியூர் போனப்ப நிசமாவே எதெதைத் தூக்கிட்டுப் போனியோ அதையெல்லாம் பரப்பு. இனிமே தூக்கலாம்னு ஆசைப்படுததை எல்லாம் சேக்காத. ஆசைக்குப் பை தைக்க என்னால ஆகாது. அந்த மூணாவது லென்சு இருக்குல்லா, அதைக் கடைசியா எப்ப மாட்டின? தீவாளிக்கா? எந்தத் தீவாளிக்கு? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. நீ முதுகுல போடுததைக்கூட அளக்க மாட்டேங்க.

கடைக்காரன் பையை லிட்டர்ல சொல்லுவான். இருபத்தஞ்சு லிட்டரு, முப்பது லிட்டரு. அதுல பாலா ஊத்தப் போற? லிட்டரை அவன்கிட்டயே விட்டுட்டு நீ கிலோவைப் புடி. நம்ம நாட்டுக்குள்ள பறக்குத பிளேன்ல கையில கொண்டு போற பைக்குப் பொதுவா 7 கிலோதான் கணக்கு. அளவு பெரும்பாலும் 55, 35, 25 சென்டிமீட்டர். கூட்டிப் பாரு. மெத்தை, பட்டை, கொக்கி எல்லாம் வச்ச பை காலியாவே 2 கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் 2 கிலோ. கேமராவும் ஒரு லென்சும் ஒண்ணரை. குழாய் மாதிரி நீளமா ஒரு லென்சு வச்சிருக்கியே, அது ஒண்ணரை. ஆச்சா ஏழு? இன்னும் ஒரு ஜட்டிகூட உள்ள போகலையே மக்கா.

எடை கூடிப்போச்சு, பையைக் கீழ லக்கேஜுல போடுன்னு பிளேன்காரன் சொன்னா, பவர் பேங்கையும் தனி பேட்டரியையும் உருவிக் கையில வச்சுக்க. அதைக் கீழ போட விடமாட்டான், தீப்பிடிக்கும். கையிலயும் 100 வாட் அவர் வரைக்கும்தான் கேள்வி கேக்காம விடுவான். உன் இருபதாயிரம் எம்ஏஎச் பவர் பேங்கு 74 வாட் அவர்தான் வரும், பயப்படாத.

சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருக்கியா? இங்க சுமைகூலியைக் குடுக்கப் போறது உன் தோள்பட்டை. கடையில காலிப் பையை மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னால திரும்பித் திரும்பிப் பாத்தா எல்லாப் பையும் பஞ்சாத்தான் இருக்கும். ஏழு கிலோ அரிசியை உள்ள போடு. நேரா செம்பூர் போ. சேடா நகர்ல முருகன் இருக்கான். திருச்செந்தூர்க்காரன் பம்பாய்க்கு வந்து திருச்செம்பூர்க்காரன் ஆயிட்டான். அந்தப் படியில பையோட ஏறி இறங்கு. கீழ வந்த பொறவும் தோள்ல பட்டை அறுக்கலைன்னா அது உன் பை. அறுத்துச்சுன்னா அரிசியைக் கோயில்ல குடுத்துட்டுப் பையைக் கடையில திருப்பிக் குடுத்துரு. ஒரு வழியில ரெண்டு புண்ணியம்.

இடுப்புல கட்டுத பெல்ட்டைப் பாத்து வெளிநாட்டுக்காரன் மூளையே மூளைங்க. நம்ம ஊர்ப் பொம்பளைங்க தண்ணிக் குடத்தை எங்கன வச்சாங்க? இடுப்புலதான. தலையில வைக்கணும்னா சும்மாடு வச்சாங்க. கனத்தை எலும்பு தாங்கணும், சதை தாங்கக் கூடாது. அம்புட்டுத்தான் சூட்சுமம். கனமான சாமான் முதுகை ஒட்டி உக்காரணும். தள்ளி வெளிய வச்சியோ, வீம்பு புடிச்ச மாடு மாதிரி பின்னாலயே இழுக்கும்.

அடுத்து, பையைப் பாக்குத விதம். மாடு வாங்கப் போறவன் கொம்பைத் தடவிட்டா வருவான்? வாயைத் திறந்து பல்லைப் பாப்பான். பைக்குப் பல்லு ஜிப்புதான். ரன்னரை ஒரு கையால இழு. மூலை திரும்புத இடத்துல திக்காமத் திரும்புதான்னு பாரு. நான் இங்கன ரிப்பேர் பாத்த பையில பாதிக்கு மேல துணி நல்லாத்தான் இருந்துது, ஜிப்புதான் செத்திருக்கும். பொறவு பையை உள்ளாரத் திருப்பு. கடைக்காரன் முறைப்பான், முறைக்கட்டும். தோள்பட்டை பையில சேருத இடத்தை விரலால தடவு. கட்டம் போட்டு நடுவுல பெருக்கல் குறி மாதிரி தச்சிருக்கணும். ஒத்தைத் தையல் போட்டு விட்டிருந்தான்னா, உன் கேமரா என்னைக்கோ ஒரு நாள் தாதர் பாலத்துல உருளும். உள்ள வெட்டு ஓரத்துக்குப் பட்டி வச்சு மூடியிருக்கானான்னு பாரு. மூடலைன்னா நூல் பிரிஞ்சு ஜிப்புப் பல்லுல போய் மாட்டும்.

ஆயிரம் டெனியர் துணிம்பான். நீயும் ஏதோ ராணுவ ரகசியம் மாதிரி தலையாட்டுத. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதாம்லே டெனியர். நம்பர் கூடினா நூல் தடி, பையும் கனம். பாறையில உருட்டப் போறியா, இல்ல மாட்டுங்காவுல காபி குடிச்சிட்டு வரப் போறியா? அதைச் சொல்லு முதல்ல.

லேப்டாப்பு அறையில கையை விட்டு அடியைத் தொடு. அறையோட அடி பையோட அடியில இருந்து ஒரு ரெண்டு விரக்கடை மேல நிக்கணும். இல்லைன்னா பையைத் தரையில ‘டொம்’முன்னு வைக்குதப்பல்லாம் லேப்டாப்பு மூலைதான் அடி வாங்கும். இன்னொண்ணு, பதினஞ்சு இஞ்சுங்கது திரையோட மூலைக்கு மூலை அளவு. லேப்டாப்போட நீள அகலம் வேற. அதனால லேப்டாப்பையே கையோட எடுத்துட்டுப் போய் உள்ள விட்டுப் பாரு. கடைக்குச் செருப்பு வாங்கப் போறவன் காலை வீட்டுலயா வச்சிட்டுப் போவான்?

செருப்புன்னதும் ஞாபகம் வருது. 2025 ஜூன்ல மிலான் நகரத்து மேடையில பிராடா கம்பெனிக்காரன் ஒரு செருப்பைப் போட்டு நடக்கவிட்டான். பாத்தா நம்ம கோலாப்பூரி! ஊரே கூச்சல் போட்ட பொறவுதான் இந்தியச் செருப்பைப் பாத்துச் செஞ்சதுன்னு ஒத்துக்கிட்டான். கடல் தாண்டிப் போயிட்டு வந்தாத்தான் நமக்குச் செருப்பும் செருப்பாத் தெரியுது, பையும் பையாத் தெரியுது.

மழையா? மழைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அட்டையில எழுதியிருக்கா? இங்கிலீசுல வாட்டர் ரெசிஸ்டண்ட்டுன்னு போட்டிருந்தா தூறலுக்குத் தாங்கும்னு அர்த்தம். துணியில தண்ணி இறங்காதும்பான். துணியில இறங்காதுதான். நான் ஊசி குத்தின ஓட்டையில இறங்கும்லா? ஒரு பையில எத்தனை ஆயிரம் ஓட்டை போட்டிருக்கேன்னு எனக்குத்தான தெரியும். 2005 ஜூலை 26 அன்னைக்கு சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டிச்சு. அன்னைக்கு அட்டையில எழுதினதெல்லாம் கரைஞ்சு போச்சு. மழை உறை வச்ச பைன்னாலும் சாமானை உள்ள ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வை. பத்து ரூபாக் கவரு பத்தாயிரம் ரூபா லென்சைக் காப்பாத்தும்.

அதைவிடப் பெரிய எமன் ஒண்ணு இருக்கு. ஆடி மாசம் நம்ம கடையில தோல்மேல வெள்ளையாப் பூசணம் பூக்குதே, பாத்திருக்கியா? அதே பூசணம் உன் லென்சுக்குள்ளயும் பூக்கும். பம்பாய் ஈரத்துக்குத் தோலும் ஒண்ணுதான், கண்ணாடியும் ஒண்ணுதான். பையோட மெத்தை ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கிடும். வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையில இருந்து எடுத்துரு. உங்க அம்மா முறுக்குப் போட்டு வைக்குத மூடி இறுக்கமான டப்பா இருக்குல்லா, அதுல சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு உள்ள வை. பை ஊருக்குப் போறதுக்கு. குடியிருக்கதுக்கு இல்ல.

திருட்டுக்குப் பயமா? அப்ப எதுக்குலே கேமரா கம்பெனிப் பேரைக் கொட்டை எழுத்துல முதுகுல ஒட்டிக்கிட்டு அலையுத? ‘உள்ள ரெண்டு லட்சம் இருக்கு, மெதுவா எடுங்க’ன்னு போர்டு மாட்டினாப்புல. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பை மாதிரி அழுக்குக் கலர்ல ஒண்ணு மாட்டு. எவன் திரும்பிப் பாப்பான்? முதுகுப் பக்கம் திறக்குத பை நல்லதுதான், ஒத்துக்கிடுதேன். மாட்டியிருக்கும்போது எவனும் திறக்க முடியாது. ஆனா சயான்ல சாயங்காலம் ஆறு மணி லோக்கல்ல ஏறினா, உள்ள இருக்கவன் முதல்ல சொல்லுததே பையை முன்னால போடுன்னுதான். முதுகுல மாட்ட வாங்கின பையை வயித்துல மாட்டித்தான இந்த ஊர்ல பாதி நாள் போகுது? அப்படி மாட்டியும் ஒரு வாட்டி பாத்துக்க. மூச்சு விட முடியணும்.

ஹோமாய் வியாரவாலான்னு ஒரு பார்சி அம்மா. 1913ல பிறந்தவங்க, இந்தப் பம்பாய்லதான் படிச்சாங்க. பத்திரிகைக்குப் படம் எடுத்த முதல் இந்தியப் பொம்பளை. ஸ்பீடு கிராஃபிக்குன்னு செங்கல் கனத்துல கேமரா. அதை வச்சுக்கிட்டுச் சேலை கட்டி டெல்லி ரோட்டுல சைக்கிள் மிதிச்சாங்க. 1947ல செங்கோட்டையில கொடி ஏறினதையும் எடுத்தாங்க, மவுண்ட்பேட்டன் மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பினதையும் எடுத்தாங்க. 2011ல பத்ம விபூஷண் குடுத்தாங்க. அந்தப் படத்தைப் பாக்குதவன் எவனாவது, ‘அம்மா எந்தப் பையில கேமராவைக் கொண்டு போனாங்க’ன்னு கேக்கானா?

சரி, நீ மூணு மாசமா எடுத்த படத்தைக் காட்டு. என்ன முழிக்க? ஒண்ணுமே எடுக்கலையா? பை இல்லாம எப்படி வெளிய கொண்டு போறதுன்னு கேமராவை அலமாரியிலயே பூட்டி வச்சிருக்கியா? அட கோட்டிக்காரப் பயலே! குடை வாங்காததால மூணு மாசம் குளிக்கலைன்னு சொன்னானாம் ஒருத்தன்.

இந்தா பாரு. காலேஜுக்கு ஒரு பை வச்சிருந்தியே, ஜிப்பு நல்லா இருந்துதே, அது கெடக்கா? கொண்டா இங்க. கேமராவையும் கொண்டா. அளவெடுத்து, ஃபோம் வச்சு, உள்ள சொருகுத மாதிரி ஒரு பெட்டி தச்சுத் தாரேன். நடுவுல தடுப்பு ரெண்டு, வெல்குரோ போட்டு ஒட்டிவிடுதேன். வேணும்னா இடம் மாத்திக்கலாம். ஊருக்குப் போகையில பெட்டியைச் சொருகு, ஆபீசுக்குப் போகையில உருவிரு. நாளைக் கழிச்சு விடியக்காலம் மாட்டுங்கா பூக்கடைப் பக்கம் போ. மல்லியப்பூ மூட்டை இறங்குத நேரம் வெளிச்சம் அம்சமா இருக்கும். பூக்காரம்மா உன் பை என்ன கம்பெனின்னு கேக்க மாட்டா. முழம் எத்தனை வேணும்னுதான் கேப்பா.

கிளம்புதியா? நில்லு. இம்புட்டு நேரம் யோசனை சொன்னதுக்குத் தாத்தா காசு கேக்க மாட்டேன். தையக்கூலி எண்ணூத்தம்பது, அட்வான்சு பாதி. என்ன சிரிக்க? ஐம்பது வருசத்துக்கு மேலா இதே பம்பாய்ல இருக்கேன், சும்மாவா பேசுவேன்?