பாரிசும் பாரிசவாதமும்

திருகோணமலை லிங்கநகரிலிருந்து பாரிசுக்குப் போவதென்றால் முதலில் இரவு பஸ் ஏறி 260 கிலோமீற்றர் கொழும்புக்குப் போக வேண்டும். விரலடையாளம் வைக்க வேண்டும். 90 யூரோ கட்ட வேண்டும். விசா இல்லையென்று கை விரித்தாலும் அந்தக் காசு திரும்பாது. கூடவே குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்புறுதி. 2009ஆம் ஆண்டு ஷெங்கன் விசாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

அங்கே போய் உங்களுக்கு அவசர வைத்தியம் தேவைப்பட்டாலோ, ஆஸ்பத்திரியில் படுத்தாலோ, செத்தே போனாலோ, அந்த நாட்டுக்கு ஒரு சதம் செலவு வரக்கூடாது. அதற்குத்தான் இந்தக் காப்புறுதி. பெயரைப் பார்த்துக் காப்பு எங்களுக்கு என்று நினைத்துவிடுகிறோம். காப்பு ஐரோப்பாவுக்கு, எங்களிடமிருந்து. காசு மட்டும் எங்களுடையது.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வெளிக்கிட்டார். இன்னும் கொஞ்சம் காசு கட்டி, பெரிய காப்புறுதியாகவே எடுத்தார். குடும்பத்தில் யாருக்கேனும் கடும் வருத்தம் வந்து பயணம் நின்றால் டிக்கெட் காசு தருவோம் என்று மினுங்கும் தாளில் அடித்திருந்தார்கள். சரக்குத்தூள் இடித்துப் பொதி கட்டியாயிற்று. பறக்க நாலு நாள் இருக்கையில் சின்னம்மாவுக்குப் பாரிசவாதம். பாரிசுக்குக் கட்டிய பெட்டி மூலையில் கிடக்க, அக்கா ஆஸ்பத்திரி வார்ட்டில் பாய் விரித்தார்.

காசு கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்கு மறுமொழி வந்தது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தோர்: இவர்கள்தான் நெருங்கிய குடும்பம். சின்னம்மா இல்லை.

1990 வன்செயலில் தாயை இழந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அகதி முகாமில் தன் பங்குச் சோற்றை ஊட்டி வளர்த்தது இந்தச் சின்னம்மாதான். ஷெல்லடிக்கும் நாளிலேயே முறைப்படி தத்துப் பத்திரம் எழுதிப் பதிந்து வைக்காதது அவர்களுடைய பிழைதானே!

சின்னம்மாவைத் தாயென்று ஒப்புக்கொண்டாலும் காசில்லையாம். "முன்பிருந்த நோய்." ஆதாரம் அவருடைய கிளினிக் கொப்பி. எண்ணெய்க் கறை பிடித்த மட்டை, உள்ளே கோணேசர் கோயில் திருநீற்றுப் பொட்டலம், பக்கத்துக்குப் பக்கம் பிரஷர்க் குளிசையின் பெயர். மாதம் தவறாமல் விடியக் காலையில் போய் வரிசையில் நின்று, அரசாங்கம் இலவசமாகத் தந்த குளிசையை ஒழுங்காகக் குடித்த குற்றம். கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்திருந்தால் தாளில் அவர் சுகதேகி. அறுபது தாண்டிய கிழவிக்குப் பிரஷரோ சீனியோ இல்லாத வீடு திருகோணமலையில் எது, காட்டுங்கள் பார்ப்போம். வருத்தமே வராதவர்களுக்கு வருத்தம் வந்தால் மட்டும் காசு தரும் இந்தக் கொள்ளைக்கு ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து, கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு பக்கம் நிபந்தனை. காசு வாங்கும்போது மாத்திரம் எழுத்துப் பெரிது.

பிள்ளை பிறந்துவிட்டது. சரக்குத்தூளையாவது அனுப்புவோமென்று அக்கா கூரியர்க் கடைக்குப் போனார். பொதியை நிறுத்த பெடியன் கேட்டான்:

"இதுக்கு இன்சூரன்ஸ் போடவோ அக்கா?"

"போடு தம்பி. இதுக்குக் கிளினிக் கொப்பி இல்லை."