வாசலில் ஒரு குளிர்விப்பு வேள்வி
எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ, அக்காற்றை 100 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடாக்கிவிடுவதால், அதைத் தணித்து அடர்த்தியாக்க இடையில் வைக்கப்படும் அலுமினியக் கூடே இன்டர்கூலர் எனப்படுகிறது. அதில் பெரியதொன்றை வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் தாமே பொருத்தத் துணியும் அன்பருக்கு, குழாய் வளைக்கவும் பற்றவைக்கவும் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிப் பட்டறைக்குப் பஞ்சமில்லை; ஆதலால் வீட்டு வாசலில் எஞ்சும் வேலை, பம்பரின் உட்புறத்தை ஆக்ஸா பிளேடால் அறுத்து, சிலிக்கான் ஹோஸைக் கிளாம்பால் இறுக்கி, மிஞ்சிய போல்ட்டுகளை எவரும் பாராமல் டப்பாவில் போடுவது மட்டுமே.

எனினும் இக்கருவிக்கு எதிர்க்காற்று வேண்டும், எதிர்க்காற்றுக்கு வேகம் வேண்டும். மெட்ரோ தூண்களின் ஓரமாக ஊரும் குமணன்சாவடி நெரிசலோ இரண்டையும் தருவதில்லை. நின்ற வண்டியில் அது ரேடியேட்டருக்குரிய காற்றையும் மறித்து, கத்திரி வெயிலின் 40 டிகிரியைப் பத்திரமாகச் சேமித்துத் தருகிறது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருப்பதால், கூடிய குதிரைத்திறனுக்கு உகந்த இடமென எஞ்சுவது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடமே. அதற்கும் முதலில் பூந்தமல்லியைக் கடந்தாக வேண்டும்.