பத்தாவது அதிகாரம் படிக்காத தளபதிகள்

மேலைநாட்டுக் கம்பெனித் தலைவர்களுக்குச் சன் சூ மேல் அப்படியொரு பக்தி. அந்தச் சீனத் தளபதியின் 'போர்க்கலை' மொத்தமே 13 அதிகாரம். விமானம் ஏறி இறங்குவதற்குள் முடித்துவிடலாம். 1987-இல் வந்த 'வால் ஸ்ட்ரீட்' படத்தின் பங்குச்சந்தைத் திருடன் அதைச் சொல்லித்தான் பீற்றிக்கொள்வான். அவனைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியவர்கள், குரு கிடைத்துவிட்டார் என்று பூரித்துப் போனார்கள்.

எதிராளியை ஏமாற்று, ரகசியம் காப்பாற்று, அசந்த நேரம் பார்த்து அடி. இதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். பத்தாவது அதிகாரத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. படை தோற்பதற்கு ஆறு வகைக் கேட்டை அடுக்கிவிட்டு, ஆறும் தளபதியின் குற்றம், வானத்தின் மேல் பழி போடாதே என்கிறார் மனிதர். வீரர்களைப் பெற்ற பிள்ளைகளாகப் பார் என்பதும் அங்கேதான் வருகிறது. பங்குதாரர் கூட்டத்தில் இதை வாசித்தால் பாதி நாற்காலி காலியாகிவிடும்.

போயிங்கைப் பாருங்கள். ஏர்பஸ்ஸோடு போட்டி, புதிதாக ஒரு விமானம் வடிவமைக்கப் பொறுமையில்லை. பழைய 737-இல் பெரிய எஞ்சினை மாட்டினார்கள். மூக்கு மேலே தூக்கக்கூடும் என்று எம்காஸ் என்றொரு மென்பொருளைச் செருகினார்கள். விமானத்தில் அதை அளக்கும் சென்சார் இரண்டு இருந்தும், எம்காஸ் நம்பியது ஒன்றைத்தான். விமானிக்கு அதை விளக்கிச் சொல்லவும் இல்லை. எதிரியிடம் மறைக்கச் சொன்னார் சன் சூ. இந்தச் சீடர்கள் விமானம் ஓட்டுகிறவனிடமே மறைத்தார்கள்!

2018 ஜூனில், அந்த விமானத்தைத் தயாரித்த ரென்டன் தொழிற்சாலையின் மேலாளர் ஒருவர், ஆட்கள் களைத்துப் போயிருக்கிறார்கள், உற்பத்தியை நிறுத்தி வையுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். நிறுத்தவில்லை. அக்டோபரில் ஜாவா கடலில் அந்த ரக விமானம் ஒன்று விழுந்தது. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொன்று. 346 பேர் செத்தார்கள். போயிங்கின் தலைமை அதிகாரியான நம் தளபதி வானத்தின் மேல் பழி போடவில்லை, அதுவரைக்கும் குருபக்திதான். விமானிகள் நடைமுறையை முழுதாகப் பின்பற்றவில்லை என்றார். தன் பங்குகளைத் தானே வாங்கி விலையேற்ற 2013-க்குப் பிறகு 4,000 கோடி டாலருக்கு மேல் கொட்டிய கம்பெனி இது. இரண்டாவது சென்சாரைப் பார்க்க மட்டும் சிக்கனம் வந்துவிட்டது.

2019 டிசம்பரில் தலைமை அதிகாரி டென்னிஸ் மியூலன்பர்க் நீக்கப்பட்டார். பங்கும் ஓய்வூதியமுமாக அவருக்குச் சேர்ந்தது சுமார் 6.2 கோடி டாலர். அடுத்த மாதம், அந்த விமானத்துக்கு உடற்பகுதி செய்துகொடுத்த விச்சிட்டா ஆலையில் 2,800 தொழிலாளர்களுக்கு வேலை போனது.