தவளைக்குத் தடி, புழுவுக்குக் குச்சி: டெல்டா தூண்டிலியலுக்கு ஓர் அறிமுகம்

காவிரிப் படுகையில் ஆராய இனி ஒன்றும் பாக்கியில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நெல் ரகம், நீர்ப் பங்கீடு, சோழர் செப்பேடு என்று எல்லாவற்றிலும் டாக்டர் பட்டம் வாங்கியாகிவிட்டது. எந்த இரைக்கு எந்தத் தூண்டில் கம்பு என்ற கேள்வியை மட்டும் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாக்களிடம் விட்டுவிட்டார்கள். அவர்கள் ஆய்வு முடிவுகளை வெளியிடுவதில்லை. பேசினால் மீன் ஓடிவிடும் என்ற முறையியல் சிக்கல் அவர்களுக்கு.

ஆய்வுக் களம், வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு வாய்க்கால், அதன் மதகு, பக்கத்திலேயே ஆகாயத்தாமரை மூடிய ஒரு குளம். ஆய்வுக் காலம், மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து, முறை வைத்து எங்கள் மதகைத் தொடும் நாளில் தொடங்கும். வீட்டில் தூண்டிலை ஒளித்துவைக்கும் நாளில் முடியும். மருதத் திணைக்கு உரிப்பொருள் ஊடல் என்று இலக்கணம் சொல்கிறது. தலைவன் பரத்தையிடம் போனதுதான் காரணம் என்பது உரையாசிரியர்கள் வழக்கு. அவன் கையில் கம்பு இருந்ததா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட், 1791 நவம்பரில், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீன் ஒன்றைப் பிடித்தார். தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில்! லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏடு 1797-ல் இதை வெளியிட்டது. நம்மூர் பனையேறிக் கெண்டைதான் அது. மரமேறும் மீனுக்கு எத்தனை அடிக் கம்பு வேண்டும் என்பதை லெப்டினன்ட் சொல்லாமல் விட்டது பெருங்குறை. அதே ஊரிலிருந்து ஜான் பாதிரியார் அனுப்பிய மீன்களை வைத்துப் பல இனங்களை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ப்ளாக், விராலுக்கு லத்தீன் பெயர் வைத்தது 1793-ல். அவரும் கம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடல் கடந்தவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அமெரிக்கா, கனடா ஏரிகளில் மஸ்கி என்றொரு மீன். பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று மாட்டும் என்று அங்கே சொல்வார்கள். சுழலும் தகட்டில் முடி கட்டிய பொய்யிரைக்கு எட்டு, ஒன்பது அடியில் நீளக் கம்பு. வெட்டி வெட்டி இழுக்கிற மரமீனுக்குக் கொஞ்சம் குட்டையாய், விறைப்பாய் இன்னொன்று. படகின் பின்னால் கட்டி இழுப்பதற்கு வளைந்து கொடுக்கிற வேறொன்று. மாட்டாத மீனுக்கு மூன்று கம்பு வைத்திருப்பவர்களை மதிக்காமல் இருக்க முடியுமா?

நம் இரைகளை வல்லிரை, மெல்லிரை, இடையிரை என்று பகுப்பது தமிழ் மரபுக்கு ஒத்துவரும்.

மண்புழுவும் மைதா உருண்டையும் மெல்லிரை. இதற்கு வருவது கெண்டை. வாய் சிறிது, உதடு அதைவிட மெலிது. தடித்த கம்பால் சுண்டினால் உதடு முள்ளிலும் மீன் ஆற்றிலும் இருக்கும். ஆகவே நுனி நடுங்குகிற ஒல்லி மூங்கில், இல்லாவிட்டால் நாணல் தட்டை. தாத்தா தக்கைக்கு நெட்டியைத்தான் சீவுவார். அதே நெட்டியில் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலையே செய்து வைத்து, 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். தாத்தாவின் தக்கைக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் அது பேசும். கெண்டை கொத்தினால் குளிரில் நிற்கிற பிள்ளைபோல் வெடவெடக்கும். கெளுத்தி என்றால் முன்னறிவிப்பு இல்லாமல் முங்கும். தக்கை சாய்ந்தபடி, அவசரமே இல்லாமல் கரையோரமாக ஊர்ந்து போனால் நண்டு. அப்போது தூக்கினால் புழுவும் இருக்காது, நண்டும் இருக்காது.

கோழிக்குடல் இடையிரை. அதற்கு நடுத்தரமான ஏதாவது ஒரு கம்பு போதும். இலக்கணத்திலும் இடையினத்துக்கு இதற்குமேல் மரியாதை இல்லை.

தவளை வல்லிரை. அதற்கு வருகிறவர் விரால். ஆகாயத்தாமரைக்கு அடியில் அசையாமல் கிடப்பார். மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து, ஒரு குமிழை விட்டுவிட்டு இறங்குவார். இலைகளுக்கு நடுவே கையகலம் தண்ணீர் தெரிகிற இடத்தில் தவளையைத் தட்டித் தட்டி ஆட்டவேண்டும். ‘டொப்’ என்று சத்தம் கேட்டதும் இழுக்கிறவன் கற்றுக்குட்டி. விழுங்க விட்டு, மூச்சை அடக்கிப் பொறுத்து, பிறகு ஒரே தூக்கு. விட்டால் வேருக்குள் சுற்றிக்கொள்ளும். இங்கே நளினத்துக்கு இடமில்லை. உள்ளே பொந்து இல்லாத கல்மூங்கில், கட்டைவிரல் தடிமனில், நிழலில் காய்ந்து, நெருப்பில் வாட்டி நிமிர்த்தியது வேண்டும். (செம்பொடி தூவியதுபோல் குஞ்சுக் கூட்டம் மிதக்கும்போது அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த இடத்தில் தூண்டில் போடுகிறவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.)

இனி, பரிசோதனை. சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் கார்பன் கம்பு ஒன்று கொண்டுவந்தான். ஏழடி, ரீலோடு. “அத்தான், இது யானையையே தூக்கும்” என்றான். கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் 5-15 கிராம் என்று போட்டிருந்தது. அந்தக் கம்பு வீசத் தாங்கும் இரையின் எடை அது. நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. கொழுத்த தவளை ஒன்றை மாட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன்.

பெரியப்பா பார்த்தார். “ஏன் தம்பி, அதுல என்னமோ எழுதியிருக்கே, படிச்சியா?”

“கம்பெனி பேரு பெரியப்பா.”

டொப். பொறுத்தேன். அதுவரை சரி. பிறகு கல்மூங்கில் பழக்கத்தில் கம்பை ஆகாயத்தைப் பார்க்க நிமிர்த்தினேன். அப்படி நிமிர்த்தினால் அடிக்கம்பு வேலை செய்யாது. பாரம் முழுதும் ஈர்க்குச்சி தடிமனான நுனிப்பக்கத்தில் வந்து விழும். பட்டாசுபோல் ஒரு சத்தம். நுனியிலிருந்து மூன்றடி முறிந்து நரம்போடு தண்ணீரில் தொங்கியது. விரால் வேருக்குள் போய் நரம்பையும் அறுத்துக்கொண்டது. பெரியப்பா தன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரிய மனுஷன்.

அடிப்பாதியில் துடைப்பம் கட்டி வீட்டில் ஒட்டடை அடிக்கிறார்கள். முறிந்த மூன்றடியைச் சும்மா இருக்கட்டும் என்று ஒரு மூங்கில் துண்டில் செருகி, நூல் சுற்றி, புழு கோத்து வாய்க்காலில் போட்டுப் பார்த்தேன். கெண்டை முகர்ந்தாலே நுனி சொல்லிவிடுகிறது. அரைமணி நேரத்தில் பதினோரு கெண்டை. பெரியப்பாவே ஒருமுறை கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

போன வாரம் மச்சினன் போன் செய்தான். “கம்பு எப்படி அத்தான்?”

“கெண்டைக்கு அருமை” என்றேன்.