பேஸ்மென்ட் என்னும் பேரேரி

சென்னையில் மழைநீரைத் தேக்க நிலத்தடித் தொட்டிகள் இல்லை என்று புலம்புகிறவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள். அடுக்குமாடிக்கு அடுக்குமாடி அடியில் ஒன்று இருக்கிறதே! ஒரு கிரவுண்டு முழுக்க, அதாவது 2,400 சதுர அடிக்கு, பத்தடி ஆழம் தோண்டிக் கட்டினால் ஏறத்தாழ 6.8 லட்சம் லிட்டர் பிடிக்கும். விளம்பரத்தில் அதற்குப் பெயர் ‘கவர்டு கார் பார்க்கிங்’. வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் அதன் உண்மையான தொழில் தெரியும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். மழைக்கு முன் தொட்டி காலியாக இருக்க வேண்டும் என்ற பாலபாடத்தை அவர்களாவது நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதே கட்டடத்தின் மூலையில் சட்டப்படியான தொட்டியும் உண்டு: மழைநீர் சேகரிப்புக் குழி. மூன்றடி விட்டம், ஐந்தடி ஆழம். உள்ளே உறை இறக்கி, கருங்கல் ஜல்லி கொட்டி, மேலே மணல் பரப்பி, ஓட்டை போட்ட சிமென்ட் மூடி வைத்திருப்பார்கள். வாருங்கள், அளந்து பார்ப்போம். வெறுங்குழியில் ஆயிரம் லிட்டர் நிற்கும். ஜல்லி நிரப்பினால் கற்களுக்கு இடையில் மிஞ்சும் சந்து நூற்றுக்கு நாற்பதுதான்; ஆக, 400 லிட்டர்.

இனி மழையின் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் பெய்தால் 22,300 லிட்டர். மொட்டைமாடியும் டைல்ஸும் பேவர் பிளாக்குமாக மூடிய மனையில் 20,000 லிட்டராவது வழிந்தோடி வரும். நம் குழி முதல் இரண்டு மில்லிமீட்டரிலேயே கழுத்துவரை குடித்துவிட்டுக் கையை விரித்துவிடும். மீதியை மண் உறிஞ்சட்டும் என்பீர்கள். பெசன்ட் நகர் மணல் உறிஞ்சும். ஏரியை மூடி எழுப்பிய தியாகராய நகர்க் களிமண் என்ன செய்யும்? இரண்டுக்கும் ஒரே குழியைத் தோண்டிச் சமத்துவம் காத்த ஊர் இது.

ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் இது. இதைப் போடத் தெரியாதவர்களா நம் பொறியாளர்கள்? தெரியும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் தோண்டியது மழைக்கான குழியை அல்ல, சான்றிதழுக்கான குழியை. அதன் கொள்ளளவு ஒரு ஏ4 தாள். தாள் வந்து சேர்ந்ததும் அதன்மேல் பூந்தொட்டி வைத்தாயிற்று.

இதைவிடப் பெரிய தொட்டிகளும் நம்மிடம் இருந்தன. கணக்கறிந்தவர்கள் கட்டியவை, நிரம்பினால் மிச்சம் எந்த வழியாக எங்கே போக வேண்டும் என்பதற்குக் கலங்கல் வைத்தவை. மாம்பலம் ஏரியை வற்றவைத்து 1920-களில் தியாகராய நகர் போட்டோம். நுங்கம்பாக்கம் ஏரியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுப்பினோம். இயற்கையே தந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பையைக் கொட்டி மலையாக்கினோம். பிறகு 2022-இல் அதே சதுப்புக்கு ராம்சர் ஈரநிலப் பட்டயம் வாங்கிப் பெருமைப்பட்டோம். காசில்லாமல் கிடைத்த தொட்டியைத் தூர்த்துவிட்டு, காசு கொட்டிக் கான்கிரீட் பெட்டி புதைப்பதற்குப் பெயர் வளர்ச்சி.

தெரு மூழ்கியதும் அதிகாரிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: “நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை.” 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, மறுக்கவில்லை. ஆனால் எட்டே ஆண்டில் மிக்ஜாம் புயல் வந்து நின்றபோதும் அதே பல்லவிதான். நூறாண்டு மழை என்றால் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று அர்த்தம். வந்துவிட்டுப் போனால் 99 ஆண்டு விடுமுறை என்று அல்ல. சரி, 49 சென்டிமீட்டருக்கு உங்களை யாரும் பொறுப்பாக்கவில்லை. பத்து சென்டிமீட்டருக்கே முழங்கால் தண்ணீர் ஏன்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று உள்ளேயே தகடு அடித்து வைக்கிறோம். அதுபோல ஒவ்வொரு கட்டட வாசலிலும், ஒவ்வொரு வடிகால் முனையிலும் பலகை வையுங்கள்: இது எத்தனை லிட்டர் பிடிக்கும், எத்தனை சென்டிமீட்டர் மழைவரை தாங்கும், நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும், இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டவர் யார். கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் பொறியுங்கள். ஊர் மூழ்கும்போது மேகத்தின் மேல் வழக்குப் போட முடியாது.